மேடான கறுப்புக் கட்டங்கள்

— ஆத்துல கொண்டு போடு, ழிசெல். அரசலாத்துப் பாலத்து மேல நின்னு போட்டுட்டு வா. உங்க கம்பெனிக்காரனுங்களுக்கு வேணும்னா வலை போட்டு எடுத்துக்கட்டும்.

— பப்பா, நான் பாண்டிச்சேரியிலேந்து இப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கி வர்றேன். பையைக் கூட கீழ வெக்கல. அஞ்சு நாளா உங்க கையில இருந்துச்சே, மெசினு புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்கு இதுதான் பதிலா?

— இது சுருக்கமான பதிலு. நீளமா வேணும்னா உக்காரு.

— உக்காரும்மா ஜீசேலு. நானும் அஸர் தொழுதுட்டு ஒரு ஆட்டம் போடலாம்னு வந்து அரை மணி நேரமாச்சி. காயை எடுத்து வெக்க விடாம உங்க அப்பாரு அந்தப் பொட்டியத் திட்டிக்கிட்டே இருக்காரு. பட்டாளத்துல கூட இப்படி யாரையும் திட்டியிருக்க மாட்டாரு.

— பட்டாளத்துல திட்டுறதுக்கு மேல அதிகாரி இருந்தான், காதர். இங்க நாந்தான் அதிகாரி. வலா, அவ்வளவுதான்.

— அது என்ன பண்ணும்னே எனக்குப் புரியலங்கனி. சொல்லும்மா புள்ள, அதுக்குள்ள என்னதான் இருக்கு?

— சதுரங்கம் ஆடுற மெசினு, காதர் மாமா. எதிர்ல ஆள் வேணாம், இதுவே எதிராளி. உள்ளங்கையில வெச்சிக்கிட்டு ரயில்ல கூட ஆடலாம். இது மாதிரி கடையில நாலஞ்சு வருஷமா கெடைக்குது. ஆனா எல்லாம் கண்ணு தெரியிறவங்களுக்கு. சிவப்பு லைட்டு எரிஞ்சி, இந்தக் கட்டத்துலேந்து இந்தக் கட்டத்துக்குன்னு காட்டும். நாங்க பண்ணினது கண்ணு தெரியாதவங்களும் ஆடுறதுக்கு. மூணு வருஷம் இதுக்கு உழைச்சிருக்கேன்.

— மூணு வருஷமாம். கேட்டுக்க, காதர்.

— கறுப்புக் கட்டமெல்லாம் மேடா இருக்கும், வெள்ளை பள்ளமா இருக்கும். வெரலு பட்டாலே தெரியும். காய் சாயாம இருக்க ஒவ்வொரு கட்டத்துலயும் ஓட்டை. கறுப்புக் காய்க்குத் தலையில ஒரு புள்ளி. லைட்டு இதுலயும் உண்டு, ஆனா பக்கவாட்டுல இந்தச் சுவிட்சைத் தள்ளுனா மெசினு வாயைத் தொறந்து பேசும். தான் எங்க நகத்துனோம்னு சொல்லும்.

— மாஷா அல்லா! இதுல என்னங்கனி குத்தம் கண்டுபுடிச்சீரு?

— கட்டத்தை மேடாக்குனது சரி. அதை ஒத்துக்குறேன். மாதா கோயில் தெரு ஆசாரி கிட்ட சொல்லியிருந்தா அரை நாள்ல செஞ்சி குடுத்திருப்பான், அது வேற விஷயம். அட்டைப் பொட்டி மேல என்ன படம் போட்டிருக்குன்னு சமையக்காரி செல்லத்தைக் கேட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன், பக்கத்துல ஒரு நாயி, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்கன்னா. அவன் எங்க பாத்துச் சிரிக்கிறான்னு கேட்டேன். மேல பாத்துங்கய்யான்னா. மேல என்னத்தைப் பாக்குறான், ழிசெல்? கூரையில பல்லிக்குக் குசலம் விசாரிக்கிறானா?

— படம் போட்டது விளம்பரக்காரங்க, பப்பா. நான் இல்ல.

— சரி, விடு. உள்ள ஒரு புஸ்தகம். எப்படி ஆடணும், எந்தப் பொத்தானை எதுக்கு அமுக்கணும்னு நாப்பது பக்கம். அச்சடிச்சி வெச்சிருக்கீங்க. செல்லம் சொல்றா, எறும்பு மாதிரி எழுத்தாம். கண்ணில்லாதவனுக்குன்னு ஒரு மெசினு. அதுக்கு வெளக்கம் எறும்பு எழுத்துல! இதை எவன்டி யோசிச்சான்? அவனுக்குச் சம்பளம் குடுக்குறீங்களா?

— வீட்டுல யாராவது படிச்சிச் சொல்லுவாங்கன்னு நெனச்சோம்.

— எந்த வீட்டுல? உங்கம்மா செத்து ஒம்பது வருஷமாவுது. நீ பாரீசுல. சோறாக்குற செல்லம் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பா. அவ பிரெஞ்சு படிச்சிச் சொல்லுவாளா? ஒரு கேசட்டுல பேசிப் பதிஞ்சி வெக்க முடியாதா?

— கேசட்டு நல்ல யோசனை. எழுதிக்கிறேன்.

— எழுதிக்க. இன்னும் இருக்கு. அந்தக் குரலு! இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சுக்காரனுங்களோட சோறு தின்னவன் நான். மார்செய்லுக்காரன் பேச்சும் தெரியும், பிரெத்தோன்காரன் பேச்சும் தெரியும். இது எந்த ஊரு? மூக்கடைச்ச பாதிரியாரு கெணத்துக்குள்ள விழுந்து உதவி கேக்குற மாதிரி இருக்கு.

— ஹஹ்ஹா! அட ரப்பே, இவரு வாய்க்கு யாரும்மா பதில் சொல்றது!

— சிரிக்காதீங்க மாமா, அவருக்கு இன்னும் குஷியாயிடும். பப்பா, அவ்வளவு சின்னச் சில்லுல அந்த அளவுக்குக் குரலு வர வெச்சதே பெரிய காரியம். சரி. குரலு அசிங்கம், புஸ்தகம் அசிங்கம், படம் அசிங்கம். ஆட்டம் எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க. செவ்வாக்கிழமைக்குள்ள உங்க கையெழுத்தோட கடுதாசி பாரீசுக்குக் கெளம்பணும். கண்ணு தெரியாத ஒரு நல்ல ஆட்டக்காரர் ஆடிப் பாத்து எழுதித் தரணும்னு கேட்டிருக்காங்க. அது இல்லேன்னா இந்த மெசினை நிறுத்திடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் இதைத் தொடாது.

— ஆட்டத்தைத்தான் சொல்ல வந்தேன். எத்தனை ஆட்டம் ஆடுனேன் தெரியுமா? இருபத்தாறு. இருபத்தஞ்சுல நான் ஜெயிச்சேன்.

— பாத்தீங்களா! அப்புறம் என்ன கோவம்?

— ஜெயிச்சா ஒரு பாட்டு போடுது. கொழந்தைக்குப் பொறந்தநாள் கேக்கு வெட்டுற மாதிரி, டிங் டிங் டிங்குன்னு. அறுபது வயசு பட்டாளத்து சொல்தாவுக்கு டிங் டிங்! இருபத்தஞ்சு தடவை அதைக் கேட்டிருக்கேன். எட்டாந்தேதி பென்ஷன் வாங்க மேரி ஆபீசுக்குப் போனா கூட காதுல அதுதான் கேக்கும்.

— பாட்டை எடுத்துடலாம். வேற?

— ஒண்ணே ஒண்ணு தோத்தேன்ல, அதைக் கேளு. அது எப்படித் தோத்தேன்னு கேளு.

— எப்படி?

— குரலை நிறுத்திட்டு ஆடுனேன்.

— குரலை நிறுத்துனா உங்களால எப்படி...

— செல்லத்தைப் பக்கத்துல உக்கார வெச்சேன். காதரைத்தான் மொதல்ல கூப்புட்டேன், வந்து லைட்டைப் பாத்துச் சொல்லுப்பான்னு. ஜின்னு புகுந்த பொட்டி மாதிரி கிட்டயே வரமாட்டேன்னுட்டான்.

— ஒங்க ஊட்டு சாமானு, ஒடஞ்சி கிடஞ்சி போச்சின்னா யாருங்கனி பதில் சொல்றது?

— அதனால செல்லம். அவளுக்கு ஆட்டமும் தெரியாது, பிரெஞ்சு எழுத்தும் தெரியாது. லைட்டை மட்டும் எண்ணிச் சொல்லுன்னேன். இடதுலேந்து மூணாவதுங்கய்யா, கீழேந்து அஞ்சாவதுங்கய்யான்னு சொல்லிக்கிட்டே இருந்தா, பாவம், அடுப்புல கொழம்பு தீஞ்சி போற வரைக்கும். முப்பத்தோராவது நகத்தல்ல என் ராஜாவைச் சுவத்தோட சேத்து நிறுத்திடிச்சி அந்த மெசினு. என்ன ஆட்டம்! என் ரெண்டு யானையையும் கட்டிப் போட்டுடிச்சி. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் தோத்துட்டுச் சந்தோஷமா சாப்புட்டேன். தீஞ்ச கொழம்பு.

— ஒரு ஆட்டத்தை வெச்சி...

— இரு. பட்டாளத்துக்காரனை ஒரு ஆட்டத்தோட விடுறவன்னு நெனச்சியா? மறுநாள் அதே கஷ்ட நெலை, அஞ்சாம் நம்பர். மொத நகத்தல்லேந்து அப்படியே திருப்பி ஆடுனேன். இந்தத் தடவை குரலைப் போட்டு. எட்டு நகத்தல் வரைக்கும் அதுவும் அதையேதான் ஆடுச்சி. ஒம்பதாவதுல செல்லம் லைட்டைப் பாத்துச் சொன்ன அன்னைக்கு என் மந்திரியை வெட்டிச்சி. குரல் போட்ட அன்னைக்கு, கையெட்டுற தூரத்துல நிக்கிற மந்திரியை விட்டுட்டு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகத்துது. திரும்ப ஆடுனேன். திரும்பவும் அதே. நாலு தடவை! சுவிட்சைத் தள்ளுனா முட்டாளாயிடுது, இழுத்தா அறிவாளியாயிடுது.

— அது... அது சில்லுல எடம் பத்தாம இருக்கலாம், பப்பா. பேசுறதும் யோசிக்கிறதும் ஒரே மூளைதான். பேச ஆரம்பிச்சா யோசிக்க எடம் கொறையும்.

— எடம் கொறஞ்சா மெதுவா ஆடணும். தப்பு தப்பா ஆடணும். இது அப்படி ஆடல, ழிசெல். மரியாதையா ஆடுது. ஆஸ்பத்திரியில கெடக்குறவனைப் பாக்க வந்தவன் மாதிரி ஆடுது. என் வெரலைப் புடிச்சி, இங்க வெட்டுங்க தாத்தா, இங்க வெட்டுங்கன்னு காட்டுது. எடம் பத்தாத முட்டாளுக்கு அவ்வளவு பதவிசா தோக்கத் தெரியாது. எவன் செஞ்சான்?

— பப்பா...

— எவன் செஞ்சான்னு கேக்குறேன். விளம்பரக்காரனா? மொதலாளியா?

— நாந்தான்.

— ம்.

— நாந்தான் எழுதுனேன். கண்ணு தெரியாத பதினோரு பேரை வரவழைச்சி ஆட வெச்சோம். ஏழு பேரு பத்து நிமிஷத்துல வெச்சிட்டுப் போயிட்டாங்க. தோத்துக்கிட்டே இருந்தா யாரு வாங்குவாங்கன்னு மேல இருக்கறவரு கேட்டாரு. ஒரு ராத்திரி உக்காந்து ரெண்டு வரி சேத்தேன். குரலு போட்டிருந்தா, மொத எட்டு நகத்தலுக்கப்புறம் நல்ல நகத்தலை விட்டுட்டு மூணாவது நல்ல நகத்தலை எடுன்னு. மறு வாரம் பதினோரு பேரும் சிரிச்சிக்கிட்டே போனாங்க. எனக்கு... உங்களை நெனச்சித்தான் பப்பா போட்டேன். நீங்க ஜெயிச்சிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிப்பீங்கன்னு.

— என்னை நெனச்சி போட்டியா.

— ஆமா.

— எதைப் புடுங்கிட்டே தெரியுமா? அந்த ஏழு பேரு கிட்டேந்தும் என் கிட்டேந்தும்? கண்ணு போச்சி. சரி, அது வியாதி. தெருவுல போனா கையைப் புடிச்சி இழுக்குறானுங்க. சரி, அது ஊரு. பூசையில என் பேரைச் சொல்லி செபம் பண்றாங்க. தொலையட்டும். தோக்குறதுக்கு எனக்கு ஒரு பலகை இருந்துச்சி, ழிசெல். அறுபத்துநாலு கட்டம். அதுல எவனும் என்னைப் பாவம்னு சொல்ல முடியாது. அங்கேயும் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போக வந்துட்டியா? படிச்சவ நீ!

— சரி, பப்பா. ரெண்டு வரியில போட்டது. ரெண்டு வரியைத் தூக்கிட்டா போச்சி. திரும்பிப் போனதும் மொத வேலை அதுதான்.

— தூக்குறேன்னு கடுதாசியில எழுது. புஸ்தகத்துக்குக் கேசட்டு. பாட்டு கெடையாது. இன்னும் ஒண்ணு, மெசினு சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒரு பொத்தான். நாயி படம் கெடையாது. குரல் போட்டாலும் போடாட்டியும் ஒரே ஆட்டம். அப்படி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன். மேடான கட்டம் நல்லாருக்குன்னும் எழுதிக்க. அதை நான் மறுக்கல.

— எழுதுறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. அந்தப் பதினோரு பேருல ரெண்டு பேரு நல்ல ஆட்டக்காரங்க. அவங்களுக்கே தோணல. உங்களுக்கு எப்பத் தோணுச்சி?

— மொத நாளே. நீ பஸ் ஏறி ஒரு மணி நேரத்துல.

— அவ்வளவு சீக்கிரமா? எப்படி?

— பழக்கம். விட்டுக்குடுக்குறவன் கிட்ட ஆடி ஆடிப் பழக்கம். சந்தேகம்னா அவனையே கேளு. எதிர்லதான் உக்காந்திருக்கான்.

— யாரைங்கனி சொல்றீரு?

— இந்த ரூம்புல மூணு பேருதான் இருக்கோம், காதர்.

— காயை வையுங்கனி, ஆடலாம்.

— பேச்சை மாத்தாதே. இருபது வருஷமா ஆடுறோம். எனக்குக் கண்ணு இருந்தப்ப பத்து ஆட்டத்துல மூணு நான் ஜெயிச்சா பெரிசு. கண்ணு போச்சி. ஊரே என்னைப் பாத்து ச்சு கொட்டிச்சி, நீ மட்டும் கொட்டல. மொத நாளு வந்து உக்காந்து, பத்தே நகத்தல்ல என் ராணியை வெட்டிட்டு, எழுந்திரிங்கனின்னு சொல்லிட்டு வெத்தலை போட்டே. நாலு வருஷம் என்னை அப்படித்தான் அடிச்சே. அதுக்காகவே உயிரோட இருந்தேன்டா நான்.

— பழசெல்லாம் எதுக்குங்கனி இப்ப?

— ரெண்டு வருஷமா என்ன ஆச்சி உனக்கு? நேரா வெட்டுல கொண்டாந்து குதிரையை வெக்கிறே. என் மந்திரி நிக்கிற கோட்டுலயே யானையைத் தள்ளுறே. நான் வெட்டுனா, அட, கவனிக்கலங்கனின்னு ஒரு பொய்யி. கவனிக்காத ஆளா நீ? கப்பலு சரக்குல ஒரு மூட்டை கொறஞ்சா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவியே! எவன் சொல்லிக் குடுத்தான்? உன் பொண்டாட்டி சுல்தான் பீவியா? பாவம் அந்த மனுசன், ஜெயிக்க விடுங்கன்னு சொன்னாளா?

— அவளை ஏன் இழுக்குறீரு? அவளுக்கு எதுவும் தெரியாது.

— அப்ப நீயேதான். இவ என் மவ, பாசத்துல பண்ணிட்டா, திட்டி முடிச்சிட்டேன். உனக்கு என்ன கேடு? ரெண்டு வருஷமா தெனம் சாயங்காலம் வந்து என் மூஞ்சிக்கு நேரா பிச்சை போட்டுட்டுப் போயிருக்கே. நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டு வாங்கியிருக்கேன். சொன்னா நீ வராம நின்னுடுவியோன்னு வாங்கியிருக்கேன். இன்னைக்குச் சொல்லிட்டேன். வலா. இனிமே வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

— பப்பா, போதும், நிறுத்துங்க. மாமாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. மாமா, இந்தாங்க, தண்ணி குடிங்க.

— குடும்மா.

— இந்தாங்க... அங்க இல்ல மாமா. இங்க. உங்க மூஞ்சிக்கு நேராத்தான் நீட்டிக்கிட்டு நிக்கிறேன். இங்க, என் கையில. மாமா?

— ஒரு ஆட்டம் கூட நான் விட்டுக்குடுக்கலங்கனி. ரெண்டு வருஷமா எது உம்ம மந்திரி, எது சிப்பாய்னு என் கண்ணுக்குத் தெரியல.