நாலாவது கரண்டி

ஹனீன்: கன்னத்தையே அப்படி முறைக்காதீங்க. புள்ள பயந்துக்கும்.

நிஸார்: அந்த வாயோரம்... செவப்பா இல்ல?

ஹனீன்: நீங்க துடைச்சுத் துடைச்சு வந்த செவப்பு அது.

நிஸார்: ஆஸ்பத்திரின்னாலும் நாலு கரண்டி எள்ளு விழுது குடுத்திருக்காங்க, ஹனீன். தாலாவுக்கு ஒரு விரல் நுனிதான் வச்சோம். அதுக்கே மூச்சு...

ஹனீன்: அக்கா வேற, தம்பி வேற. இவனுக்குப் பொறந்த வாரத்துலேருந்து பொடி குடுத்திருக்கேன்.

நிஸார்: ஆமா, உன் வெள்ளை மாவு.

ஹனீன்: மாவு இல்ல. வயித்துக்கு நல்லது பண்ற கிருமியும், அதுக்குத் தீனியும். அக்காவுக்கு ஒவ்வாமைன்னா தம்பிக்கும் வரலாம், முன்னாடியே குடுத்துப் பாப்போம்னாங்க டாக்டர். ஆறு மாசம், ஒரு நாள் விடல.

நிஸார்: கிருமிக்குச் சாப்பாடு போட்ட வீடு நாப்லஸ் ஊருலயே நம்ம வீடுதான்.

ஹனீன்: சிரிங்க. நாலு வருஷமா நம்ம எள்ளு ஆலைலேருந்து வந்து, பின்வாசல்ல குளிச்சு, சட்டை மாத்தித்தான் பொண்ணைத் தொடுறீங்க. இவனையும் அப்படித்தான் தூக்கணுமா?

நிஸார்: ...எவ்வளவு நேரம் ஆச்சு?

ஹனீன்: நாலாவது கரண்டிக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் உக்காரச் சொன்னாங்க. ஆகப்போகுது. பாக்கெட்ல என்ன கிலுகிலுன்னு?

நிஸார்: சாவி.

ஹனீன்: வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கே.

நிஸார்: இது வேற. டாக்டர் வர்றாங்க பாரு.

டாக்டர்: சட்டையைத் தூக்குங்க. முதுகு... வயிறு... மூச்சும் நல்லாருக்கு. தாலா அப்பா, உங்க பையன் ஜெயிச்சுட்டான். இனி வீட்லயும் எள்ளு குடுங்க, நிறுத்திடாதீங்க.

ஹனீன்: அல்ஹம்துலில்லாஹ்... பொடிதானே டாக்டர்?

டாக்டர்: பொடி மட்டும்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கை குடுத்திருக்கலாம். ஆனா தாலா அம்மா, உங்க விடாப்பிடிய நான் வேற யாருகிட்டயும் பாக்கல.

நிஸார்: ஹனீன்... ஒண்ணு மறைச்சுட்டேன். இவனுக்கு ஒரு தடிப்பு வந்தாலும் ஆலையைப் பெரியப்பா மகன் வஜீஹ்கிட்ட விட்டுடறதா சொல்லிட்டேன். அவன்கிட்ட குடுக்க எடுத்துட்டு வந்த ஆலைச் சாவிதான் இது.

ஹனீன்: தெரியும். வஜீஹ் பொண்டாட்டி போன வாரமே சொல்லிட்டா.

நிஸார்: தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?

ஹனீன்: நானும் ஒண்ணு மறைச்சேன்ல. பெஞ்சுக்கடியில மூடி வச்ச பையைப் பிரிங்க. உங்க வேலைச் சட்டை. துவைக்காம, எள்ளுத் தூசியோட, நேத்து ஆலை ஆளுகிட்ட கேட்டு வாங்கினது. போட்டுக்கிட்டு மகனைத் தூக்குங்க. வீட்ல தாலா இருக்கா, அதனால பின்வாசல்ல அப்பாவும் மகனும் சேர்ந்து குளிச்சுட்டு உள்ள வாங்க.