கறை வேறு இடம், கசிவு வேறு இடம்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் ஹாஜ் முனீர் அவர்களே! அவருடன் மேடையை அணிசெய்யும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! வெயிலையும் மழையையும் பாராமல் நம் லெபனானின் சைதா நகரத்துச் சந்துகளில் அவசர ஊர்தி ஓட்டும் அருமைப் பிள்ளைகளே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளைகளை விமானமேற்றி அனுப்பிவிட்டு வெறும் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அடேலின் பணிவான வணக்கம்.

இந்த வரிசையில் ஒருவருடைய பெயரை விட்டிருக்கிறேன். மறதியால் அல்ல. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். யாருக்கு எப்போது வணக்கம் சொல்ல வேண்டும் என்பதை எனக்குப் பிரம்பால் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வணக்கம் கடைசியில் வரும்.

அழைப்பிதழில் 'மறைந்த மருந்துக்கடை நஸ்ரி அவர்களின் துணைவியார் நன்றியுரை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அழகான எழுத்து. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாருக்கு நன்றி என்பதை மட்டும் நான் முடிவு செய்துகொள்கிறேன்.

என் நஸ்ரி எப்படி இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறீர்கள். வசந்த காலத்து நண்பகல். சமையலறை மேசையில் அமர்ந்து பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கை அப்படியே நின்றது. நெஞ்சைத் தொட்டு என்னைப் பார்த்தார். நான் இந்த அவசர ஊர்தி நிலையத்தை அழைத்தேன். அழைப்புகளை ஏற்கும் விதாத் பேசினாள். தெருப்பெயரைச் சொன்னேன். கட்டடத்தின் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் அறுந்தது.

அறுந்தது ஏன்? அரசு மின்சாரம் போய், தெருமுனை ஜெனரேட்டர் அதன் இடத்தைப் பிடிக்கும் நேரம் அது. நிலையத்தில் மின்கலங்கள் இருந்தன, விளக்கு அணையவில்லை. ஆனால் கணினி கறுத்துப்போனது. அழைப்பும் அதன் வழி, வரைபடமும் அதன் வழி, ஓட்டுநர்களின் வானொலியும் அதன் வழி. மூன்றும் ஒன்றாக மாண்டன. விதாத் பொத்தானை அமுக்கினாள். கணினி மீண்டும் எழுந்தது. என் நஸ்ரி எழவில்லை.

ஊர்தி நேரத்தில் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லாததை நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஊர் சொன்னது! பொத்தானை அமுக்குவதற்கு முன் கறுத்த திரையைப் படம் எடுத்திருந்தார்கள். அதில் புரியாத எண்கள் நூறு, புரிந்த பெயர் ஒன்று. வானொலியையும் கணினியையும் இணைக்கும் சிறு நிரலின் பெயர் அது. எழுதியவன் வஜ்தி. சம்பளம் வாங்காமல் இந்த நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளை. மாலைக்குள் அந்தப் படம் கடைக்குக் கடை, கைக்குக் கை போயிற்று. மறுநாள் முதல் வஜ்தியின் வீட்டில் கொடுத்த காபியை ஒருவரும் குடிக்கவில்லை. கோப்பையை வாங்குவார்கள், வைப்பார்கள், எழுந்து போவார்கள். குடிக்காத காபியை ஒரு தாய் தொட்டியில் ஊற்றும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா?

பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். இருமுங்கள். நான் காத்திருப்பேன்.

துக்கம் கேட்க வஜ்தியும் வந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை.

"மதாம், என் தப்புதான். மன்னிச்சிருங்க."

"எப்படி நடந்துச்சு?"

"தெரியல, மதாம்."

"தெரியாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு கேக்குற? எனக்கு உன் மன்னிப்பு வேணாம். காரணத்தைச் சொல்லு. உள்ள வா, கதவைச் சாத்து, ஈ வருது."

அமர்ந்தான். காபி கொடுத்தேன். குடித்தான். அதன் பிறகுதான் பேச வந்தது.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். நம் அடுக்குமாடிக் கட்டடத்துக் காவலரைப் போல. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு, எந்தத் தண்ணீர் எந்தத் தொட்டிக்கு, எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் சாவிகள் கலைந்து கிடப்பதைக் காண்கிறார். ஒருவர் வீட்டை இன்னொருவருக்குத் திறந்துவிடுவதைவிட மேல் என்று, கட்டடத்தையே இழுத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கெர்னல் சரிந்தது என்று சொல்வது அதைத்தான். அது கோழையின் சாவு அல்ல, காவலரின் கண்டிப்பு.

"அப்படின்னா உன் பேர் ஏன் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கறை எங்க வீட்டுக் கூரைல தெரிஞ்சுது மதாம். குழாய் எங்க உடைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது. எங்க வீட்லயே உடைஞ்சிருக்கலாம். மேல் வீட்லயும் உடைஞ்சிருக்கலாம்."

கறை வேறு இடம், கசிவு வேறு இடம்! நாலாம் மாடியில் நனைந்தது கூரை. ஆறாம் மாடியில் உடைந்திருக்கலாம் குழாய். ஆனால் ஊர் யாரை அடித்தது? நனைந்தவனை அடித்தது!

பிறகேன் குழாயைத் தேடவில்லை? தேட முடியவில்லை. சரியும் கணினி தன் நினைவு முழுவதையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும். வஜ்தி அதற்கு ஏற்பாடு செய்திருந்தான். எழுதச் சில நிமிடங்கள் வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. நம் நிலையத்தில் தொடாமல் இருந்தது யார்? முன்பும் பலமுறை சரிந்திருக்கிறது. பலமுறையும் பாய்ந்து பொத்தானை அமுக்கியிருக்கிறோம். சாகிறவன் வாய் திறக்கும்போதெல்லாம் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

ஆகவே நான் வந்தேன். கறுப்பு உடையோடு, ஒரு நாற்காலியோடு, அந்தக் கணினியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னொரு வீட்டில் இன்னொரு நஸ்ரி சாகக்கூடாது என்பதற்காகத் தனித் தொலைபேசி ஒன்றும், கையடக்க வானொலியும், சுவர் நிறைய ஒரு காகித வரைபடமும் வைக்கச் சொன்னேன். தினமும் மின்சாரம் போகும், வரும். நான் காத்திருந்தேன்.

ஒரு நண்பகல் திரை கறுத்தது. விதாத்தின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. நான் என் உள்ளங்கையால் அதை மூடினேன்.

"மதாம், கையை எடுங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கு."

"இது பேசி முடிக்கட்டும்."

"இப்படிக் காத்துக் கிடக்கிறதுக்கு நான் ரமலான் நோன்பையே ரெண்டு தடவை இருந்துருவேன்" என்றாள். அந்த நேரம் தனித் தொலைபேசி ஒலித்தது. கோட்டைப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம். விதாத் ஒரு கையில் வானொலியோடு வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினாள். மறைக்கமாட்டேன், கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஓட்டுநர் "தெரு தெரிஞ்சிருச்சு, அத்தை வீட்டுக்குப் பக்கம்தான், போயிட்டேன்" என்றார். ஊர்தி சேர்ந்தது. குழந்தை பிறந்தது. கணினியும் எழுதி முடித்தது.

வஜ்தி பல நாள் அதை வாசித்தான். அவன் நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. தன் இடத்தில் வைத்ததை எடுக்கப் போனபோது அங்கே அந்நியருடைய பொருள் கிடந்தது. அதைத் தொட்ட கணத்தில் எல்லாம் சரிந்தது. அந்நியர் யார்? மின்கலங்களோடு சேர்ந்து வந்த, அவற்றைக் கண்காணிக்கும் நிரல். ஜெனரேட்டருக்கு மாறும்போது தனக்கு ஒதுக்கிய இடத்தைவிட நீளமான செய்தியை எழுதியது. அதன் வால் பக்கத்து வீட்டில் விழுந்தது. பக்கத்து வீடு வஜ்தியுடையது. ஒவ்வொரு முறையும் சரியவில்லை. வால் விழுந்த வேளையில் அவன் நிரல் அங்கே கை வைத்தால் மட்டும் சரிந்தது. அதை வாசித்ததோடு அவன் நிறுத்தவில்லை. அந்த நிரலை நீக்கிவிட்டு மின்சாரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான். கணினி அசையவில்லை. திரும்ப வைத்து மாற்றினான். சரிந்தது. நீக்கினான், நின்றது. வைத்தான், விழுந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

எல்லோரும் மேடையைப் பார்க்கிறீர்கள். அந்த மின்கலங்கள் யார் கொடுத்தவை என்பது நினைவுக்கு வந்திருக்கும். ஹாஜ் முனீர் அவர்கள், மண்ணுக்குள் போன தம் மகள் ரீமின் பெயரால் கொடுத்தவை. பித்தளைத் தகட்டில் அவள் பெயர் இருக்கிறது.

குழு என்ன செய்தது? பிழையான நிரலை மாற்றியது. வாயை மூடிக்கொண்டது. ஹாஜின் மனம் நோகும் என்றார்கள். உண்மைதான்; நோகும். வஜ்தியின் பெயரை யாரும் துடைக்கவில்லை. நான் பேசுகிறேன் என்றேன். தடுத்தவன் யார் தெரியுமா? வஜ்தி.

"விடுங்க மதாம். ஹாஜ் வாரா வாரம் வந்து அந்தத் தகட்டைத் தன் கைக்குட்டையால துடைக்கிறாரு. அதுல நான் எப்படிப் போயி சேறு பூசுறது?"

போய்விட்டான். ஜெர்மனியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். கணினியைத் தொடுவதில்லையாம்.

செயலாளர் சீட்டு அனுப்புகிறார், நேரமாயிற்று என்று. நன்றி ஐயா. என் வீட்டில் நேரம் அந்த நண்பகலிலேயே நின்றுவிட்டது.

இதோ, மின்சாரமும் போய்விட்டது; இந்த மண்டபத்துக்கு மின்கலம் கிடையாது. ஒலிபெருக்கி வேண்டாம், என் குரல் போதும். பார்த்தீர்களா? இருட்டிவிட்டது, ஆனால் ஒருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிய பேச்சை நிறுத்தவில்லை. இதுதான் நமக்குப் பெருமை. விளக்கு அணையும், விசையைத் தட்டுவோம், விட்ட இடத்திலிருந்து சிரிப்போம். அந்தப் பழக்கம்தான் நம்மை வாழவைத்தது. அதே பழக்கம்தான் நம்மைக் கொல்கிறது. வீடு இடிந்ததா? இடிபாட்டை அள்ளு. ஆள் செத்தானா? புதைத்துவிட்டு வா. ஏன் என்று கேட்காதே, எப்படி என்று கேட்காதே, பொத்தானை அமுக்கு, பொழுதைக் கழி! காரணம் கேட்காத ஊரில் குற்றவாளி மட்டும் எப்படி இத்தனை சீக்கிரம் கிடைக்கிறான்?

கை தட்டாதீர்கள். இது கை தட்டும் இடம் அல்ல.

ஹாஜ் அவர்களே, ஒரு தந்தை இதை முதன்முதலாக மேடையில் கேட்பது முறையல்ல என்றுதான் இன்று காலை உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "ரீம் பேரை எடுத்துருவாங்களா, மதாம்?" அப்போது சொன்னதை இப்போது எல்லோர் முன்னும் சொல்கிறேன். அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். நீங்கள் கொடுத்த மின்கலங்கள் ஒருநாளும் இந்த நிலையத்தை இருட்டில் விடவில்லை. எங்கோ தொலைவில், யாரோ, ஓரிடத்தின் நீளத்தை அளக்காமல் எழுதிவிட்டார். உங்கள் மகள் பெயரில் கறை இல்லை. வஜ்தியின் பெயரிலும் இல்லை. ஒரு பெயரைக் காக்க இன்னொரு பெயரைப் புதைக்க வேண்டியதில்லை.

இனி நான் விட்டுவைத்த வணக்கம். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருக்க, ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். உங்களில் பலர் அவரைத் தாண்டி நடந்தீர்கள்.

வஜ்தியைப் பெற்ற நஜ்லா அவர்களே! என் வீட்டில் உட்கார்ந்து காரணம் சொன்ன பிள்ளையைப் பெற்றவரே! நஸ்ரியின் மனைவி நான், உங்களுக்கு வணக்கம் சொல்கிறேன். என் கணவரை உங்கள் மகன் கொல்லவில்லை. என் கணவர் எப்படி உதவி வராமல் செத்தார் என்பதை எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவன். என் நன்றி அவனுக்கு. அவன் இங்கே இல்லாததால் உங்களுக்கு.

அழாதீர்கள், நஜ்லா. அல்லது அழுங்கள்.

ஹாஜ் அவர்களே, ஏன் எழுகிறீர்கள்? படி செங்குத்து, இருட்டு வேறு, கைத்தடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது அவருக்கு வழி விடுங்கள். காபி வைத்திருக்கும் பெண்ணே, இரண்டு கோப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போ. ஒன்று ஹாஜுக்கு, ஒன்று அந்த அம்மாவுக்கு.

குடித்து முடிக்கும்வரை யாரும் பேச வேண்டாம். எந்த விசையையும் தட்ட வேண்டாம். இருட்டு கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், ஊர்தி ஓட்டும் பிள்ளைகளுக்கும், எங்கோ குளிரில் பெட்டி அடுக்கும் ஒரு பிள்ளைக்கும் என் நன்றி. வணக்கம்.