தையல்கார அக்காவின் பெயர் வராமல் போன விதம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை மேலே எழுதியுள்ளபடி சரியானவை. வயது முப்பத்து மூன்று. பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். கணினி போடும் கணக்கை வைத்து மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது, அந்த முடிவு எல்லாத் தரப்புக்கும் நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் என்னைத் 'தராசு' என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ரொட்டியைப் பங்கு போட்டால் நான் ஸ்கேல் வைத்து அளப்பேனாம், அதனால் அண்ணன் வைத்த பெயர். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று எழுத்தர் கேட்டார். பின்னால் தேவைப்படும் என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

இந்த வழக்கில் கவனக்குறைவாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் செவிலியர் என் அண்ணி. அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். அண்ணியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று காவல் ஆய்வாளர் நினைப்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அண்ணியின் மருத்துவமனையில், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு மறுபடி உடம்பு மோசமாகலாம் என்று கணினி ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடும். கட்-ஆஃபுக்கு மேலே இருப்பவர்களின் பெயர் காலையில் செவிலியரின் கைபேசியில் வரும், அவர் வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஊர் நடுவே இருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வசிப்பவர்கள் ரொம்ப முடியாமல் போனால்தான் மருத்துவமனைக்கு வருவார்கள் என்பதால் அவர்களைப் பற்றிய விவரம் கணினியில் குறைவு, அதனால் உண்மையிலேயே மோசமாகப் போகிறவர்களில் அந்தப் பக்கத்தில் பாதிப் பேரையும் இந்தப் பக்கத்தில் கால்வாசிப் பேரையும் கணினி தவறவிட்டு வந்தது. இது பாரபட்சம் என்று புகார் கிளம்பியதும் மருத்துவமனை நிர்வாகம் எங்கள் துறைக்கு வந்தது, பேராசிரியர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். அப்போது எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் அந்தப் பக்கத்துக் கட்-ஆஃபைக் குறைத்துப் பார்த்தேன். தேவையில்லாதவர்களின் பெயர்களும் மூட்டை மூட்டையாக வந்தன, இத்தனை வீட்டுக்கு அனுப்ப ஆளில்லை என்று நிர்வாகம் கையை விரித்தது. அதன் பிறகு, மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால், அந்தப் பக்கத்தைத் தொடாமல் இந்தப் பக்கத்துக் கட்-ஆஃபை உயர்த்தினேன். இந்தப் பக்கத்திலும் பாதிப் பேர் தவறினார்கள். திரையில் இரு பக்கத்துத் தவறுகளையும் காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை, இந்தப் பக்கத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது நின்றது. எங்கள் அளவுகோலின்படி இதற்குப் பெயர் நியாயம்.

இது உங்களுக்கு அப்போது தெரியாதா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். பேராசிரியர், "ரெண்டு கோடும் ஒட்டிக்கிச்சு பாருய்யா, இனிமே எவனும் வாயத் திறக்க முடியாது" என்று முதுகில் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துறையில் கேக் வெட்டினோம், துண்டு போடும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். மருத்துவமனையில் வீடுகளுக்குப் போகிற இரண்டு செவிலியரில் ஒருவரை, இனி அவ்வளவு வேலை இல்லை என்று வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். மீதி இருந்தவர் அண்ணி.

அதன் பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி, "ஏய் தராசு, அந்தத் தையல்கார அக்கா பேரு கொஞ்ச நாளா வரவே மாட்டேங்குதுப்பா. தனியா இருக்காங்க, சர்க்கரை வேற, கால்ல புண்ணு. விட்டுப்போச்சான்னு பாரேன்" என்றார்.

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் விட்டுப்போகாது அண்ணி" என்றேன்.

"எதுக்கும் நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். வழியிலதானே வீடு."

"நீங்களா இஷ்டத்துக்குப் போனா அதுக்குப் பேருதான் பாரபட்சம். தெரிஞ்சவங்க வீட்டுக்கு மட்டும் போறாங்கன்னு எவனாவது கேப்பான். அதை ஒழிக்கத்தானே நாங்க இவ்வளவு பாடுபட்டோம்?"

என் குரல் உயர்ந்திருந்தது. வழக்கமாக அண்ணி என்னைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். அன்றைக்கு, "சரிப்பா, படிச்சவன் சொல்ற" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

இறந்துபோன அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. அண்ணி கொடுத்தனுப்பிய என் பழைய சட்டைக்கு அவர்தான் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தார், தைத்த இடமே தெரியாது. மாநாட்டில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன். அது இப்போது கொடியில் கிடக்கிறது, எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை.

அந்தப் பேச்சு நடந்த அடுத்த வாரம் அக்காவின் பக்கத்து வீட்டார் கதவை உடைத்து அவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாக மருத்துவர் சொன்னார், அன்று மாலையே அவர் இறந்துவிட்டார். அவருடைய தம்பி வார்டு வாசலில் அண்ணியைப் பார்த்து, "ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தா எங்கக்கா இருந்திருப்பாங்களே" என்று கத்தியபோது அண்ணியைக் கூட்டிப்போக வந்த நானும் அங்கே நின்றேன். எனக்குப் பதில் தெரியும், மென்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் துறைக்குப் போய் அந்த அக்காவின் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்துக்கான பழைய கட்-ஆஃபுக்கு மேலே இருந்தார், நான் வைத்ததற்குக் கீழே. ரொட்டி விஷயம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு துண்டும் சமமாக இல்லையென்றால் பெரிய துண்டைக் கடித்துச் சமமாக்குவேன். அண்ணனுடைய சின்னத் துண்டு ஒருநாளும் பெரிதானதில்லை. பேராசிரியரிடம் சொன்னேன். "கணக்குல தப்பு இல்லையே, நீ எதுக்குய்யா போய் மாட்டிக்கிற?" என்றார். கணக்கில் தப்பு இல்லை என்பது உண்மை.

அதன் பிறகு அண்ணியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், காவல் நிலையத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். அதில் அவர், அந்த வீட்டுக்குப் போக மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பதாக அண்ணன் மூலம் தெரிந்தது. ஏன் அண்ணி இப்படி என்று கேட்டேன். "உன் பேர எதுக்கு இழுக்கணும்? நீ இப்பத்தான் மேல வர்ற. மறந்துட்டேன்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டுருவாங்க" என்றார். விடவில்லை, வழக்குப் போட்டிருக்கிறார்கள். வேலையும் போய்விடும் என்கிறார்கள். அண்ணன் என்னிடம் கோபப்படவில்லை. என்னைத் தராசு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வெட்கத்தில் அந்த வீட்டில் என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. அதனால் வந்தேன்.

இதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'கணினியின் தவறால் செவிலியர் செல்லவில்லை' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'போகக் கூடாது என்று நான் சொன்னதால் செல்லவில்லை' என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணியை மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர் சொன்னார். மறந்துவிட்டேன் என்றுதான் அவர் மறுபடியும் சொல்லுவார்.

யாரும் தூண்டாமல், யாருக்கும் பயப்படாமல், என் சொந்த நினைவோடு இதைச் சொல்லியிருக்கிறேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை. என் அண்ணி எதையும் மறக்கிறவர் அல்ல என்பதும் உண்மை.

(ஒப்பம்)