மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு வந்த காய்ச்சல்

தட்டம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிய பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கலாமா? எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. என் மகளுக்கு அப்படித்தான் வந்தது. மருந்து கூடாது என்றார் மாமியார்.

மறுநாள் தாம்பரம் ரயிலில், எதிரே இரண்டு மீன்காரப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"அம்மைக் கிருமி ரத்தத்துல கீற வெள்ளை அணுவையே கெடுத்துடுதாம்க்கா. அதான் எம்புள்ளைக்கு மறுபடி ஜுரம்னாரு டாக்டரு."

"மருந்து குடுத்தியாடி? ஆத்தா கோச்சுக்கப் போறா."

"அவதான் மூணு தண்ணி வாங்கிகினு போயிட்டாளே. போனவ இன்னாத்துக்குக் கோச்சுக்கறா?"

மூத்தவள் சிரிக்கவில்லை. "புள்ள இப்ப எப்பிடிக் கீது?"

"கஞ்சி கேக்குதுக்கா."

அன்று மாலையே மகளை டாக்டரிடம் கொண்டுபோனேன். காய்ச்சல் தணிந்து வருகிறது. மருந்துச் சீசா என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மாமியார் மனம் நோகாமல் அதை எப்படி வெளியே எடுப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.