அன்சாலி தந்தியாளர் பெத்ரோஸை விடுவித்தது குறித்து

பெயர் நஸ்ருல்லா, வயது 24, தந்தை பெயர் கர்பலாயி தகி, ரஷ்த் நகரம், மீன் சந்தைப் பின்சந்து. தெஹ்ரானில் பயிற்சி பெற்று நான்கு ஆண்டுகளாக இங்கே தந்தியாளர். ராணுவ நீதிமன்றத்தில் சொல்வது:

சென்ற ஆண்டு கோடையில் எங்கள் கிலான் மாகாணத்தில் தெஹ்ரான் அரசை எதிர்த்து, ரஷ்யர் உதவியோடு குடியரசு அமைந்ததும் அந்த அறிவிப்பை அன்சாலி துறைமுகத்துக்கு நான்தான் தட்டினேன். அங்கே வாங்கியவர் ஆர்மேனியரான பெத்ரோஸ். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் தந்தி தட்டுவதில் ஆளுக்கொரு நடை உண்டு, பழகிய காதுக்கு ஆள் தெரிந்துவிடும். அதன்பிறகு நில உத்தரவு, அதை ரத்து செய்த உத்தரவு, குடியரசை நடத்திய கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் துரோகி என்ற தந்திகள் எல்லாம் எங்கள் இருவர் வழியாகவே போயின.

இந்த இலையுதிர் காலத்தில், ரஷ்யக் கப்பல்கள் தங்கள் படையை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டன, இனி உதவி இல்லை என்று பெத்ரோஸ் தட்டினார். அதைக் குடியரசின் அதிகாரி கமிஸார் ஷோஜாவிடம் கொண்டுபோனேன்.

"எதிரி அனுப்பின புளுகு இது."

"தட்டினது பெத்ரோஸுங்க. எனக்குத் தெரியும்."

"யந்திரம் டொக்கு டொக்குங்குது, அதுல உனக்கு மூஞ்சி தெரியுதாக்கும்? போடா, போய்க் கம்பியத் துடை!"

மூன்றாம் நாள் தெஹ்ரான் அரசுப் படை ரஷ்த்துக்குள் நுழைந்தது. ஷோஜாவைச் சந்தையில் தூக்கிலிட்டார்கள். அவர் குடித்த தேநீர்க் கோப்பையை நான் கழுவி வைத்தேன்.

அதன்பிறகு அரசுப் படைக் கேப்டன், பெத்ரோஸின் நடை எனக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஒரு கைதியைக் கொண்டுவந்து, தேடப்படும் பெத்ரோஸ் இவன்தானா என்றார். தான் எண்ணெய்க் கப்பல் தந்தியாளன் என்றார் கைதி. தட்டவைத்தார்கள். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவன் இல்லீங்க. அவன் இன்னும் வேகம்" என்றேன்.

கேப்டன் உடனே நம்பி விடுதலை செய்தார். கைதி படகேறிப் போனபின் உண்மை வெளியாகி, என்னைப் பிடித்தார்கள்.

இன்று காலை என் மேலதிகாரி வந்தார். "தம்பி, காது ஏமாத்திருச்சுன்னு ஒரு வரி சொல்லிரு. வேலையோட போகும், கழுத்து தப்பும்."

என்னால் அப்படிச் சொல்ல முடியாது. என் காது தவறும் என்று பதிவானால், கப்பல் தந்தி விஷயத்தில் ஷோஜா சந்தேகப்பட்டதும் சரி என்றாகிவிடும். அது சரியல்ல. அன்று என் சொல்லைக் கேட்டிருந்தால் அவரும் அவரோடு பிடிபட்ட நாற்பது பேரும் காட்டுக்குள் தப்பிப் போயிருப்பார்கள். கைதி பெத்ரோஸ்தான் என்று தெரிந்தே இல்லை என்று சொன்னேன்.

எழுத்தர் இதைப் படித்துக் காட்டினார். கடைசி வரியில் 'சொன்னேன்' என்பதற்கு முன் 'தவறுதலாக' என்று அவராகவே சேர்த்திருந்தார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன், அடித்தார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ள உண்மை.

(ஒப்பம்) நஸ்ருல்லா