அரசன் கைதூக்கும் காட்சி

— இன்னொருக்கா. எகிப்திலை சிலுவைப் போர் தோத்துப்போச்சு. பிரான்சின்ரை அரசர் லூயி பிடிபடுறார். ரெண்டு கையையும் தூக்கும், மடுத்தீன்.

— தூக்கினனான்தானே, நீக்கிலாஸ் அண்ணை.

— ஒண்டைத் தூக்கினீர். லாச்சப்பல் மெற்றோ ரயிலிலை கம்பி பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு. இது கூத்து, ஐசே. ஞாயிற்றுக்கிழமை நானூறு சனம் பாக்கப்போகுது.

— பிடிபடேக்கை அரசருக்கு வயித்தாலை போய்க்கொண்டிருந்ததாம் அண்ணை. காற்சட்டையின்ரை பின்பக்கத்தையே வெட்டிவிட்டவங்களாம். பொபினி நூலகத்திலை வாசிச்சனான்.

— அவர் புனிதர். பாதர் முன்வரிசையிலை இருப்பார். புனிதருக்கு வயித்தாலை போகாது.

— சரி, விடுவம். ஆனா படையிலை கனபேர் நோயிலை செத்து, மிச்சப்பேர் பட்டினி. அப்பிடி நொந்துபோன மனுசன் மூண்டு விருத்தம் பாடி முடிச்சிட்டோ பிடிபடுவான்?

— நான் அண்ணாவியார். நாப்பது வருசமா இஞ்சை பிரான்சிலை கூத்துப் பழக்கிறன். இதுவரை பதினொரு ராசாக்களைத் தோக்கடிச்சிருக்கிறன். சரணடையிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். நெஞ்சை நிமித்தி, எதிரியின்ரை கண்ணைப் பாத்து...

— கண்ணைப் பாக்கிறேல்லை அண்ணை. முன்னாலை போறவன்ரை காலைத்தான் பாக்கிறது.

— ஆர் உமக்குப் பழக்கினது? ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவிற ஆள் நீர்.

— கழுவிக் கழுவித்தான் எட்டு மாசமாப் பாட்டெல்லாம் பாடமாக்கினனான். இந்த வேசம் எனக்கு வேணும்.

— வேணுமெண்டா ரெண்டு கையையும் தூக்கும். இல்லாட்டி தவரத்தினத்துக்குக் குடுக்கிறன். நாலு கை கேட்டாலும் தூக்குவான் அவன்.

— அப்ப குடுங்கோ. ரெண்டு கை நான் தூக்கமாட்டன்.

— கிரீடம் உம்மடை தலைக்கு அளவெடுத்துச் செய்தாச்சு, இப்ப வந்து அடம் பிடிக்கிறீர். தோளிலை நோவோ?

— நோ ஒண்டும் இல்லை. 2009 வைகாசியிலை சண்டை முடிய, வட்டுவாகல் பாலத்தாலை ஆமியிட்டைச் சரணடைய வரேக்கையும் ஒரு கைதான் தூக்கினனான். மற்றதையும் தூக்கு எண்டு கத்தினவங்கள். நான் தூக்கேல்லை.

— நீர் அங்கையே நிண்டனீர்? மூண்டு வருசமாப் பழகிறம், ஒருநாளும் சொல்லேல்லையே.

— உங்கடை பதினொரு ராசாக்களின்ரை கதைக்கு நடுவிலை எனக்கு இடம் கிடைக்கேல்லை அண்ணை.

— சரி... துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறவன் சொல்லியும் மற்றக் கையை ஏன் தூக்கேல்லை?

— அதிலை மகள் இருந்தவள். ரெண்டு வயசு.