முதல் தண்ணீர்

தண்ணீர் கொதித்துவிட்டது, ஐயா. எங்கள் புலாங் மலை உயரத்தில் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. அதனால் கொதி அடங்குவதற்குள் ஊற்றிவிட வேண்டும். இதோ, மூடிக் கிண்ணத்தில் தேயிலை, அதன்மேல் தண்ணீர். இந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். தூசி போகும், சுருண்ட இலை விழித்துக்கொள்ளும். உங்கள் டவுனில் எல்லோரும் இப்படித்தான் குடிக்கிறார்கள்.

என் அண்ணன் அய் கான் மட்டும் கொட்ட மாட்டான். "நம்ம மரத்து இலைய எதுக்குடா கழுவணும்? நாம என்ன குவாங்தோங்ல இருந்து வர்ற வியாபாரியா?" என்பான். அந்தத் திமிர்தான் அவனைக் கொன்றது. எழுதிக்கொள்ளும்போது அதையும் எழுதுங்கள்.

குடித்துப் பாருங்கள். எங்கள் பச்சைப் பூஅர் தேநீர் என்றால் முதலில் நாக்கைப் பிடித்து இழுக்கிற கசப்பு. விழுங்கிவிட்டுச் சும்மா இருங்கள். தொண்டையின் அடியிலிருந்து ஓர் இனிப்பு மெல்ல ஏறிவரும். கீழ்த் தோட்டத்துப் புதர்களில் அந்த இனிப்பு கிடையாது. காட்டுக்குள் நிற்கும் பழைய மரங்களில்தான் உண்டு. எங்கள் தோப்பிலேயே மூத்ததை அம்மா மரம் என்போம். வசந்தம் வந்ததும் மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, முதல் கொழுந்தை அதில்தான் பறிப்போம். அப்பா போனதிலிருந்து ஏறுவது நான். எந்தக் கிளை என்னைத் தாங்கும் என்று என் பாதத்துக்குத் தெரியும்.

போன வருஷம் வியாபாரி வந்தபோது, நான் வறுத்த இலையை அண்ணன் ஊற்றிக் கொடுத்தான். வறுத்த அன்று விறகு ஈரம். கொப்பரையில் கொஞ்சம் புகை பிடித்திருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோர் முன்பும் தரையில் துப்பினான்.

"மன்னிச்சுக்குங்க. தம்பிய தேயிலை வறுக்கச் சொன்னா பன்னிக்கறி வாட்டி வச்சிருக்கான்."

வியாபாரி சிரித்தார். அண்ணி யூ லா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இந்த வசந்தத்தில் அம்மா மரத்தில் ஏற அண்ணன் தன் மருமகனை அனுப்பினான். சமவெளியில் ரப்பர் மரம் கீறிக்கொண்டிருந்தவன் அவன். நான் போய்க் கேட்டேன்.

"உனக்குத்தான் கீழ புதர் இருக்குல்ல, அய் வென். பொம்பளைங்களோட நின்னு பறி. விழுந்தாலும் அடிபடாது."

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. யோசனைதான் வந்தது.

காட்டோரம் மஞ்சள் பூப் பூக்கும் கொடி ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அதைத் தொடாமலிருக்கவும் பழகிவிடுவார்கள். அதுவும் கசப்புதான். அதைக் காயவைத்து இடித்து, புதர் இலையோடு புரட்டி வைத்தேன். அம்மா மரத்து இலை என்னிடம் கொஞ்சம் இருந்தது. இதற்குப் போய் அதை வீணாக்க மனம் வரவில்லை.

தண்ணீர்த் திருவிழாவன்று இளையவர்கள் மூத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அதைத் தேநீர் ஊற்றிக் கேட்போம். அந்தக் கிண்ணத்தை மறுத்தால் ஊரே காறித் துப்பும். நான் மண்டியிட்டு ஊற்றினேன். அண்ணன் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

"பரவாயில்லடா. இந்த வாட்டி நல்லாத்தான் வறுத்திருக்க," என்றான். அவன் வாயால் என்னைப் பாராட்டி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு தலையைச் சாய்த்துக் காத்திருந்தான்.

"இனிப்பு இன்னும் வரலயேடா."

"வரும்ண்ணே. பொறு."

முதலில் அவன் இமைகள் சரிந்தன. பிறகு நாக்கு குழறியது. அவன் கையை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணி ஓடிவந்து என்னைத் தள்ளிவிடும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் இல்லையா.

நான் ஊற்றினேன், அவ்வளவுதான். எல்லோரையும்போல அவனும் முதல் தண்ணீரைக் கொட்டுகிறவனாக இருந்திருந்தால், பாதி விஷம் தரையோடு போயிருக்கும். வயிற்றுவலியோடு பிழைத்திருப்பான். குடிக்கும் முறை தெரியாதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அண்ணி அடுப்படியில் இருந்து கேட்டதை உங்களிடம் வாக்குமூலமாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. வாழ்நாளிலேயே அன்று மட்டும் அண்ணன் கொட்டச் சொன்னான்.

"நீ வறுத்ததாச்சே. மொதத் தண்ணியக் கொட்டுடா, பொகை நாத்தம் போகட்டும்."

கேலியாகத்தான் சொன்னான். தண்ணீரைக் கொட்ட நான் மூடிக் கிண்ணத்தைச் சாய்க்கவில்லை.

"போன வருஷம் எடுத்து வச்ச அம்மா மரத்து இலைண்ணே," என்றேன். "அதையா கழுவச் சொல்ற?"

அண்ணன் முகம் சிறுத்துப்போனது. தப்பாகப் பேசிவிட்டவன்போல, தன் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி என் பக்கம் நீட்டினான்.